விசிலை விழுங்கிய ஹெலிகாப்டர்

சில வருடங்களுக்கு முன்பு, குற்றாலத்தில் சீசன் களைகட்டியிருந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை. பாவூர்சத்திரத்திலிருந்து நான், கணவர், சின்ன மகள் மூவரும் போயிருந்தோம். அந்த சீசனில் தென்காசிப் பக்கம் ஹெலிகாப்டரில் ஏற்றி மலையையும் அருவியையும் சுற்றிக் காட்டினார்கள். மகள் ஒற்றைக்காலில் நிற்க, அப்பாவும் பெண்ணும் அதில் ஏறப் போனார்கள். எனக்கு உயரம் என்றாலே பயம். அருவியில் நின்று கை காட்டுகிறேன் என்று மகளிடம் சொல்லிவிட்டு, உடம்பெல்லாம் எண்ணெய் தேய்த்துக்கொண்டு பெண்கள் பக்கம் குளிக்கப் போனேன்.

கொஞ்ச நேரத்தில் தலைக்கு மேலே தடதடவென்று சத்தம். போட்டோ எடுக்க வசதியாக ஹெலிகாப்டர் தாழ வந்து அங்கேயே வட்டமடித்தது. பக்கத்தில் நின்றவளின் வாய் அசைகிறது, பேச்சு கேட்கவில்லை. என் பெண் மேலே இருக்கிறாள் என்ற பெருமையில் இரண்டு கையையும் தூக்கி ஆட்டினேன். என்னைப் பார்த்து மற்றவர்களும் ஆட்டினார்கள்.

அப்போது யாரோ என் கையைப் பிடித்து இழுத்தார்கள். எண்ணெய்க் கை, வழுக்கிவிட்டது. அடுத்து என் பின்னலைப் பிடித்து ஒரே இழுப்பு. திரும்பினால், காவலுக்கு நின்ற பெண் போலீஸ். வாயில் விசில். எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. அவர் அதைக் கண்டுகொள்ளாமல் அடுத்தவளின் துணியைப் பிடித்து இழுத்தார். மிச்சப் பேரையும் அப்படித்தான் கரையேற்றினார். கடைசிப் பெண் வெளியே வரவும், செம்மண் நிறத்தில் பொங்கிய வெள்ளம் முறிந்த கிளைகளோடு நாங்கள் நின்ற இடத்தில் விழுந்தது.

ஹெலிகாப்டர் போன பிறகுதான் அவர் குரலே கேட்டது. அதுவும் கம்மிப்போய், பாதி காற்றாக.

“எம்புட்டு நேரமா ஊதுதேன்! ஒருத்தியும் திரும்பல. எல்லாரும் டாட்டா காட்டிக்கிட்டு நிக்கிய. எனக்கு உசிரே போயிட்டு தாயி!” என்றவர், அப்படியே படியில் உட்கார்ந்து அழுதுவிட்டார். எப்போதும் அருவி இரைச்சலையும் தாண்டிக் கேட்கிற விசில் அது. தண்ணீர் கூடினால் அதைக் கேட்டுத்தான் எல்லோரும் வெளியே ஓடுவோம்.

ஈரத் துணியோடு ஆட்டோ பிடித்து ஹெலிகாப்டர் இறங்கும் மைதானத்துக்குப் போனேன். மகள் ஓடி வந்து, “நீ கை காட்டுனத பாத்தேம்மா!” என்று கட்டிக்கொண்டாள். ஹெலிகாப்டர்காரர்களிடம் சண்டை போடத்தான் போயிருந்தேன். ஆனால் நான் சொல்லச் சொல்ல, அங்கே ஆட்களை ஏற்றி இறக்கிய அண்ணாச்சியின் முகம் வெளுத்துவிட்டது.

“மேல இருந்து பாத்தா சந்தோஷமா கை ஆட்டுத மாதிரில்லா தெரியுது. இனிம அங்கன போவ வேண்டாம்னு பைலட்கிட்ட சொல்லுதேம்மா” என்றார். சொன்னபடியே அடுத்த சுற்றில் ஹெலிகாப்டர் அருவிப் பக்கம் திரும்பாமல், வயல்களுக்கு மேலே உயரமாகப் போனது. மைதானத்தில் நின்றே பார்த்தேன்.

என் கணவர் மேலிருந்து எடுத்த போட்டோ இன்னும் போனில் இருக்கிறது. அதைப் பெரிதாக்கினால், கையைத் தூக்கி நிற்கும் எனக்குப் பின்னால் வாயில் விசிலோடு காக்கி உடுப்பில் அவர் ஓடி வருவது தெரியும். பார்க்கும்போதெல்லாம், அன்று என் காதில் விழாத அந்த விசில் இப்போது கேட்கிறது.