ஒரு தட்டு என்றால் புறப்படு

கொல்டர் ஊர்த் தொண்டர் தீயணைப்புப் படைக்கு வந்தபோது அந்த லாரிக்கு ஓடுகிற உத்தேசமே இல்லை. ராணுவம் வேண்டாமென்று தள்ளிய சாமான். படையின் தொண்டன் எல்டன் ஒரு பனிக்காலம் முழுக்க அதன் அடியில் படுத்துக் கிடந்து, முதுகில் தண்ணீர்த் தொட்டியும் பம்பும் ஏற்றினான். அறுவடை இயந்திரத்துக்குப் பூசி மிஞ்சிய பச்சையை அடித்தான். நெப்ராஸ்கா மாநிலம் முழுக்கச் சிரித்தது.

ஓட்டியது அவன் மனைவி ஆர்லிஸ். அவன் பின்னால் நின்று தண்ணீர் அடிப்பான். இஞ்சின் இரைச்சலில் கத்தினால் கேட்காது. தகரத்தில் ஒரு தட்டு என்றால் புறப்படு, இரண்டு என்றால் நில்.

"வீட்லயும் ஒரு தட்டு தட்டினா எந்திரிச்சு காப்பி போடுவியா?" என்பான்.

"தட்டித்தான் பாரேன். அப்புறம் விரலை எண்ணிக்க."

புல்வெளித் தீயை எப்போதும் எரிந்து முடிந்த கரிநிலத்தில் நின்றுதான் அணைப்பார்கள். அந்த மார்ச்சில் பக்கத்துப் பண்ணை லூத்தரின் மாடுகள் கம்பி வேலியில் முட்டிக்கொண்டு அலறின. வேலியை வெட்டிவிட, கரியை விட்டுக் காய்ந்த புல்லுக்குள் இறங்கினார்கள். இரண்டு தட்டு. நிறுத்தினாள். எல்டன் கம்பிவெட்டியோடு குதித்து ஓடினான். மாடுகள் தப்பின. காற்று திரும்பியது. புகையில் எதுவும் தெரியவில்லை.

ஒரு தட்டு. ஏறிவிட்டான் என்று மிதித்தாள்.

கரிநிலத்தில் நிறுத்தி இறங்கினாள். "பாத்தியா, உன் ஓட்டைத் தகரம் எப்படிப் பறந்துச்சுன்னு?"

பின்னால் ஆள் இல்லை. கம்பிவெட்டி மட்டும் கிடந்தது.

அறுந்து சுருண்ட முள்கம்பி அவன் காலைப் பிடித்திருந்தது என்பது பிறகுதான் தெரிந்தது. அதை வெட்ட இருந்த ஒரே சாமானைத்தான் அவன் வண்டித் தகரத்தின் மேல் எறிந்திருக்கிறான், அவள் புறப்படட்டும் என்று.

ஆர்லிஸ் ஓட்டுவதை விடவில்லை. ஆனால் ஒரு தட்டுக்கு வண்டி நகராது. இறங்கி, பின்னால் போய், நிற்பவனின் பூட்ஸைத் தொட்டுவிட்டுத்தான் எடுப்பாள்.

"தீ காத்துக்கிட்டிருக்குமா, ஆர்லிஸ்?" என்று புதிதாக வந்தவர்கள் சலித்துக்கொள்வார்கள்.

"காத்துக்கிட்டிருக்கட்டும்."

சென்ற மாதம் வண்டியைப் பழைய இரும்புக்குப் போட்டார்கள். கொண்டுபோய் விடுவது நான்தான் என்றாள். இஞ்சினை முடுக்கிவிட்டு அப்படியே உட்கார்ந்திருந்தாள். கடைசியில் லூத்தர் போய், தகரத்தில் ஒரு தட்டுத் தட்டினார்.

அவள் இறங்கினாள். பின்னால் போனாள். எல்டன் நிற்கிற இடத்தில் உள்ளங்கையை வைத்து, யாரையோ தேடுவதுபோலத் தடவினாள்.

பிறகு போய் வண்டியை எடுத்தாள்.