வேலூர்ப் பதிப்பில் வந்த பெயர்

அரக்கோணத்தில் விற்கும் நாளிதழ் சென்னைப் பதிப்பா, வேலூர்ப் பதிப்பா என்று ஒரு மாதம் பார்க்கிறவர்களிடமெல்லாம் விசாரித்திருக்கிறேன். கேட்டவர்கள் என்னை ஒரு மாதிரி பார்த்தார்கள். அந்த ஊரில் என் மகள் வீடு இருக்கிறது. அந்த வீட்டில் என் மனைவி இருந்தாள். என்னோடு இல்லாமல் அவள் அங்கே இருந்ததற்குக் காரணம் நான்கு கிரெடிட் கார்டுகள்.

ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனியின் கணக்குப் பிரிவில் முப்பத்தொரு வருடம் வேலை பார்த்தேன். காட்பாடியிலிருந்து தினமும் ரயில். ஓய்வு பெற்றதும், வேலூர் சத்துவாச்சாரியில் நாங்கள் குடியிருக்கும் வாடகை வீட்டுக்குப் பின்னால் ஷெட் போட்டு, தோல் கையுறை தைத்துக் கொடுக்கும் வேலையை எடுத்தோம். ஆறு தையல் மெஷின், எட்டுப் பெண்கள். என் மனைவி நூல் பிசிறு வெட்டி, இடது வலது பார்த்து ஜோடி சேர்ப்பாள். அவள் எண்ணிக் கட்டிய கட்டைப் பிரித்து நான் மறுபடி எண்ணுவேன். "ஏன், நான் எண்ணினா அது எண்ணிக்கை இல்லையா?" என்பாள். ஒரு தடவைகூட அவள் கணக்கு தப்பியதில்லை. இருந்தாலும் எண்ணுவேன். என் சுபாவம் அது.

வேலை கொடுத்த கம்பெனிக்கு வெளிநாட்டு ஆர்டர் நின்றுபோனது. எங்கள் பழைய பில்களுக்கும் பணம் வரவில்லை. சனிக்கிழமைக் கூலி நிற்கக் கூடாது என்று இருவரும் பேசித்தான் கார்டை வெளியே எடுத்தோம். பஜாரில் ஒரு செல்போன் கடையில் கார்டைத் தேய்த்தால் நூற்றுக்கு மூன்று பிடித்துக்கொண்டு ரொக்கம் தருவார்கள். அப்புறம் ஒரு கார்டின் தவணைக்கு இன்னொரு கார்டு. வட்டிக்கு வட்டியை ஊராருக்கெல்லாம் போட்டுக் கொடுத்தவன் நான். எனக்குப் போட்டபோதும் விடை சரியாகத்தான் வந்தது. கட்டத்தான் பணம் இல்லை.

பிறகு போன் வர ஆரம்பித்தது. முதலில் எனக்கு, அப்புறம் அவளுக்கு. ஒரு நாள் காலை ஒருவன் கேட்டுக்கு வெளியே பைக்கில் உட்கார்ந்தபடியே தெருவுக்குக் கேட்கும்படி கத்தினான். "இன்னா பெருசு, வாங்கச்சொல்ல இனிச்சுதா? பேரன் பேத்தி எடுத்த வயசுல எதுக்கு இந்த பேஜார்?" எதிர்வீட்டு ஜன்னல்கள் திறந்தன. அன்று அவளுக்கு ரத்தக்கொதிப்பு ஏறிவிட்டது. நாலு நாள் இருக்கட்டும் என்று மகள் வந்து அழைத்துப்போனாள். அதே வீட்டில் இருக்கும் சம்பந்தியிடம் முட்டி வலிக்கு வைத்தியம் என்று சொல்லிவைத்தார்கள். நாலு நாள் ஏழு மாதம் ஆயிற்று.

எப்போது வருகிறாய் என்று கேட்டால் ஒரே பதில்தான். "அந்த போன் அடிக்கறது நிக்கட்டும், வர்றேன்."

ஷெட்டில் மெஷின்கள் உறை போட்டு நின்றன. அவள் கத்தரிக்கோலின் சத்தத்துக்கு என் காது எவ்வளவு பழகியிருந்தது என்று அப்போதுதான் தெரிந்தது. வேகமாக இரண்டு வெட்டு, சின்ன இடைவெளி, மறுபடி இரண்டு. தெருவில் யாராவது எதையாவது வெட்டினால் எழுந்துபோய்ப் பார்ப்பேன். சம்பந்தி வீட்டு டி.வி.யில் செய்தி மட்டும்தான் ஓடும். அதனால் அவள் பார்த்துக்கொண்டிருந்த சீரியலை நான் பார்க்க ஆரம்பித்தேன். எனக்குச் சீரியல் என்றாலே ஆகாது. அது முடிந்ததும் போன் செய்து கதை சொல்வேன்.

"அந்த மாமியாக்காரி இன்னா பண்ணா இன்னிக்கு?"

"மயக்கம் போட்டு வுழுந்துட்டா."

"நடிப்பு. நீங்க நம்பினீங்களா?"

நம்பினேன் என்று சொன்னால் சிரிப்பாள். அந்தச் சிரிப்புக்காக நம்பினேன் என்றே தினமும் சொன்னேன்.

வேலூரில் பார்த்த வக்கீல், "ஐ.பி. போட்டுடலாம் சார், வேற வழியில்ல" என்றார். திவால் மனுவுக்கு எங்கள் பக்கத்துப் பெயர் அது. ஒருவன் ஐ.பி. கொடுத்துவிட்டான் என்றால் டீக்கடையில் அவனுக்கு இடம் விட்டு உட்காருவார்கள். அந்தப் பேச்சை நானே எத்தனையோ பேரைப் பற்றிக் கேட்டிருக்கிறேன். சொத்துப் பட்டியல் எழுதச் சொன்னார். மெஷின், ஸ்கூட்டர், மேஜை விசிறி, கத்தரிக்கோல் என்று எழுதிக்கொண்டே போனேன். "கத்தரிக்கோல் எல்லாம் வேணாம் சார், கோர்ட்டு சிரிக்கும்" என்றார்.

மனுவுக்கு எண் கிடைத்ததும் வக்கீல் நான்கு பேங்குக்கும் நோட்டீஸ் அனுப்பினார். போன் குறைந்தது. அப்புறம் நின்றது. ஒரு முழு நாள் அடிக்காமல் இருந்ததும் ஆசையோடு அவளைக் கூப்பிட்டுச் சொன்னேன். அப்படியே, கோர்ட்டு உத்தரவுப்படி பேப்பரில் அறிவிப்பு வரும் என்பதையும் சொல்லித் தொலைத்தேன்.

"பேப்பர்லயா?" என்றாள். "இங்க சம்பந்தி பேப்பர்ல ஒரு எழுத்து வுட மாட்டாரு. நான் முட்டி வலின்னு வந்து உக்காந்துக்கினு இருக்கறேன். அது இங்க வந்துச்சுன்னா எந்த மூஞ்சிய வச்சிக்கினு இந்த வூட்ல சோறு துண்றது? அந்தக் கோவத்துல உங்க கிட்டயும் வர மாட்டேன், சொல்லிட்டேன்."

"வேலூர் பதிப்புல மட்டும்தான் வரும்" என்றேன். வக்கீல் குமாஸ்தா சொன்னது. அரக்கோணத்துக்கு எந்தப் பதிப்பு போகிறது என்று அவருக்குத் தெரியவில்லை. அப்படித்தான் என் விசாரணை தொடங்கியது. பாதிப் பேர் சென்னை என்றார்கள், பாதிப் பேர் வேலூர்.

அறிவிப்பு வந்த அன்று காட்பாடியிலேயே பேப்பர் வாங்கி என் பெயரைப் பார்த்தேன். அப்பா பெயர், வயது, கதவு எண் எல்லாம் ஒரு பிழையில்லாமல் இருந்தன. முதல் பாசஞ்சரில் ஏறினேன். அரக்கோணத்தில் இறங்கி பிளாட்பாரக் கடைக்குப் போனேன்.

"இது எந்தப் பதிப்பு?"

"ரெண்டும் வரும் பெரியவரே. உங்களுக்கு எது வோணும்?"

வேலூர்ப் பதிப்பு ஒன்பது பிரதிகள் இருந்தன. ஒன்பதையும் கேட்டேன். கடைக்காரர் என்னை மேலும் கீழும் பார்த்தார். "இன்னா, பேரனுக்கு மார்க்கு ஜாஸ்தியா? போட்டோ வந்துக்குதா?" ஆமாம் என்றேன். "அப்ப ஸ்வீட்டு எங்க?" என்றார்.

ஒன்பது பேப்பரைப் பையில் வைத்தபின்தான் அது எவ்வளவு அசட்டுத்தனம் என்று உறைத்தது. ஊரில் எத்தனை கடை இருக்கும்! திரும்பும் ரயிலுக்கு நேரம் இருந்தது. அவள் அங்கிருந்து ஒரு ஆட்டோ தூரத்தில் இருந்தாள். ஏழு மாதமாகக் குரலை மட்டும் கேட்டவன், என்ன ஆனாலும் ஆகட்டும் என்று கிளம்பிவிட்டேன்.

சம்பந்திதான் கதவைத் திறந்தார். ரயிலில் கொடி காட்டும் கார்டாக இருந்து ஓய்வு பெற்றவர். "வாங்க சம்பந்தி, வெயில்ல வந்துக்கிறீங்க" என்று நாற்காலியை இழுத்துப் போட்டார். மேஜைமேல் பேப்பர் மடித்து வைத்திருந்தது. எந்தப் பதிப்பு என்று பார்க்கக் கழுத்தை நீட்டினேன். அவர் அதை எடுத்து டி.வி.க்குப் பின்னால் வைத்துவிட்டு, காட்பாடி மேம்பாலத்தில் இன்னும் நெரிசல்தானா என்று கேட்டார்.

என் மனைவி கொல்லையில் துணி உலர்த்திக்கொண்டிருந்தாள். கொஞ்சம் இளைத்திருந்தாள். நான் போய் நின்றதும் திரும்பாமலே சொன்னாள்.

"காலையிலயே படிச்சிட்டாரு."

"உன்கிட்ட இன்னா சொன்னாரு?"

"பேப்பர என் கையில குடுத்தாரு. படிச்சி முடிக்கற வரைக்கும் நின்னாரு. அப்புறம், மருந்து மாத்திரைக்கு காசு இருக்குதாம்மான்னு கேட்டாரு." கிளிப்பை எடுத்து ஒரு புடவையில் மாட்டினாள். "திட்டியிருந்தா தேவலாம்."

"வூட்டுக்கு வந்துடு. போன் நின்னுடுச்சு."

"இன்னிக்கு உங்க கூடவே கிளம்பினா, வெக்கத்துல ஓடிட்டான்னு ஆவும். கோர்ட்டு என்னிக்கு?"

தேதியைச் சொன்னேன்.

"அன்னிக்கு நேரா கோர்ட்டுக்கு வர்றேன். கேஸுக்குப் போனேன்னு இவங்களுக்கும் மரியாதையா இருக்கும்."

"அப்புறம்?"

"அப்புறம் பாக்கலாம்" என்றாள். பிறகு என் சட்டையைப் பார்த்தாள். "காலர்ல அழுக்கு அப்பிடியே இருக்குது. தேய்க்கறதே இல்லையா?"

அந்த 'பாக்கலாம்' என்ற சொல்லை வைத்துக்கொண்டு மீதி நாட்களைத் தள்ளினேன். வருவேன் என்பதா, வந்து பார்த்துவிட்டுத் திரும்பிவிடுவேன் என்பதா? இரண்டுக்கும் பொருத்தமாகவே இருந்தது.

வழக்குக்கு முதல் நாள் சாயங்காலம் குமாஸ்தா போன் செய்தார். "நாளைக்கு ஜட்ஜ் லீவு சார். வாய்தாதான். நீங்க வர வேணாம்." தேதி தள்ளிப்போனது தெரிந்தால், அடுத்த தேதிக்கு வருகிறேன் என்று சொல்லிவிடுவாள். அதற்கு இன்னும் எத்தனை வாரமோ. எட்டரைக்குப் போன் செய்து சீரியல் கதையைச் சொன்னேன். "எல்லாம் சரியா இருக்குதா?" என்று கேட்டாள். சரியாக இருக்கிறது என்றேன்.

காலையில், காலரைத் தேய்த்துத் துவைத்துவைத்த சட்டையைப் போட்டுக்கொண்டு கோர்ட்டு வாசலுக்குப் போய் ஒரு மரத்தடியில் உட்கார்ந்தேன். அன்று எனக்கு அங்கே ஒரு வேலையும் இல்லை. பஸ் ஒவ்வொன்றும் நிற்கும்போது எழுந்து, அது போனதும் உட்கார்ந்தேன். டவாலி வந்து, "யாரு கேஸு பெரியவரே?" என்றார். "வீட்டம்மா வரணும்" என்றேன். டைவர்ஸ் என்று நினைத்துக்கொண்டாரோ என்னவோ, பாவமாகப் பார்த்துவிட்டுப் போனார்.

பதினோரு மணிக்கு மேல் வந்த பஸ்ஸில் இறங்கினாள். நெரிசலில் அவள் முகம் மட்டும் தெரிந்தது. கையில் என்ன இருக்கிறது என்று தெரியவில்லை. மூச்சிரைக்க என் எதிரில் வந்து நின்றாள்.

"கூப்ட்டாங்களா?"

"இன்னிக்கு ஜட்ஜ் லீவு."

"எப்ப தெரியும் உங்களுக்கு?"

"நேத்து சாயங்காலம்."

என்னையே பார்த்தாள். திட்டுவாள் என்று காத்திருந்தேன்.

"முட்டி நெஜமாவே வலிக்குது" என்றாள். "நிக்க வச்சே பேசுவீங்களா? இந்தப் பையப் புடிங்க."

வாங்கினேன். தூக்க முடியாத கனமாக இருந்தது.