ஜுனைதா விட்ட நோன்புகள்

என் தங்கச்சி ஜுனைதாவின் மேல் எனக்குப் பன்னிரண்டு வருடக் கோபம் ஒன்று இருந்தது. முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன். ஒளித்து எழுதி என்ன ஆகப்போகிறது.

எங்கள் கிழக்கிலங்கைப் பக்கம் பெண்ணுக்கு வீடு கொடுத்தால்தான் கல்யாணம். மாப்பிள்ளை வந்து அந்த வீட்டில் குடியிருப்பார். வாப்பா கடல் தொழிலுக்குக் கூலியாகப் போனவர். ஆண்பிள்ளை நான் ஒருவன். ஏழாம் வகுப்போடு மேசன் வேலைக்கு வந்தேன். கட்டாரில் ஆறு வருடம் வெயிலில் நின்றேன். திரும்பி வந்து கல்முனைக்குடியில், பள்ளிவாசலுக்குப் பின்னால் இருக்கிற குறுகிய ஒழுங்கைக்குள், அவளுக்கு ஒரு வீடு கட்டினேன். கல் ஒவ்வொன்றும் என் கையால் வைத்தது. அதற்குப் பிறகுதான் நான் நபீலாவைக் கல்யாணம் கட்டினேன். அப்போது எனக்கு வயது முப்பத்து நாலு.

அடுத்த வருடம் சுனாமி வந்தது. தண்ணீர் சன்னல் வரை வந்து போனது. வீடு அசையவில்லை. அசைந்தது வேறு. அப்துல் ஹமீட் என்று ஒரு மாப்பிள்ளை பார்த்துக் குடிவைத்திருந்தோம். ஒன்பது வருடம் இருந்தான். ஒரு நாள் உடுப்பை எல்லாம் பேக்கில் போட்டுக்கொண்டு பொத்துவிலுக்குப் போய் வேறு ஒருத்தியைக் கட்டிக்கொண்டான். போகிற வழியில் என்னைக் கண்டு நின்றான்.

"மச்சான், வீட்டக் குறை சொல்ல மாட்டன். நல்ல வீடு. எனக்குப் படுக்க இடமில்ல, அவ்வளவுதான்."

ஜுனைதா அப்போது நூற்றிருபது கிலோ. எனக்கு அவன் மேல் கோபம் வந்திருக்க வேண்டும். வந்தது தங்கச்சி மேல். சுனாமிக்கே நின்ற வீட்டை இவள் தின்று தின்றே இடித்துவிட்டாள் என்று நினைத்தேன். அந்த நினைப்பைப் பன்னிரண்டு வருடம் இறக்கி வைக்கவே இல்லை.

அவள் சின்னதில் அப்படி இல்லை. மெலிந்த பிள்ளை. மகள் ஹுஸ்னியா பிறந்த பிறகுதான் உடம்பு ஏறத் தொடங்கியது. அதன் பிறகு இரண்டு பிள்ளை வயிற்றில் தங்காமல் போனது. ஒவ்வொன்றுக்கும் பிறகு இன்னும் ஏறியது. ஹமீட் போனதும் தையல் மெஷினைப் பிடித்தாள். பெண்கள் போடுகிற அபாயா அங்கி தைப்பதில் அவளுக்கு நல்ல பேர். ஒழுங்கையில் பாதிப் பெண்கள் அவள் தைத்ததைத்தான் போட்டுக்கொண்டு பெருநாளைக்குப் போனார்கள். தனக்கு மட்டும் இரண்டு பேருடைய துணியை ஒட்டித் தைப்பாள். பிளாஸ்டிக் கதிரை இரண்டு உடைந்த பிறகு, சீமெந்தால் ஒரு திண்டு கட்டிக் கொடுத்தேன். அதில் இருந்துதான் கடைசி வரை தைத்தாள்.

கொடுக்கிறதைக் கொடுப்பேன். ஏசுகிறதையும் ஏசுவேன். ஒருமுறை குளியலறைக் கதவு அவளுக்குப் போதாமல் போய்விட்டது. நிலையைப் பெயர்த்து ஒன்பது அங்குலம் கூட்டி வைத்தேன். வேலை முடியும் வரை என் வாய் சும்மா இருக்கவில்லை.

"கல்யாண மண்டபத்துக்குத்தான் இந்த அளவுல கதவு வைக்கிற."

குசினியில் சமைத்துக்கொண்டிருந்தவள் அண்ணன் எனக்குப் பதில் தந்தாள். "அப்ப கலர் பல்பும் போட்டு உடுங்க காக்கா. ஆராவது வாடகைக்குக் கேப்பாங்க."

அவள் அப்படித்தான். தன்னைப் பற்றி மற்றவர்கள் பகிடி சொல்லும் முன் தானே சொல்லிவிடுவாள்.

பிறகு சீனி வருத்தம் வந்தது. இன்சுலின் ஊசி போடத் தொடங்கினார்கள். கிளினிக்கில் இருந்த தராசு நூற்றைம்பதோடு நின்றுவிடும். அதற்கு மேல் அவள் எவ்வளவு என்பது ஒருவருக்கும் தெரியாது. நோன்பு பிடிக்கக் கூடாது என்று கிளினிக் கொப்பியில் எழுதிக் கொடுத்திருந்தார்கள். எனக்கு அது தெரியாது. அவள் சொல்லவில்லை, நான் கேட்கவுமில்லை.

இரண்டாயிரத்து இருபத்து மூன்றாம் ஆண்டு நோன்பில் ஒரு நாள், நல்ல பாரை மீன் கிடைத்தது என்று பகல் லுஹர் தொழுகைக்குப் பிறகு அவள் வீட்டுக்குக் கொண்டுபோனேன். ஜுனைதா குசினிக் கதவை ஒருக்களித்துவிட்டு, சுவர்ப் பக்கம் திரும்பி, கிறீம் கிறேக்கர் தின்றுகொண்டு நின்றாள்.

"பத்து வயசுப் புள்ளையெல்லாம் நோம்பு புடிக்கிது" என்றேன். "அல்லாஹ்வுக்காக ஒரு மாசம் கூட உனக்கு இந்த வாயைக் கட்ட ஏலாதா?"

அவள் கையில் இருந்த பாதிப் பிஸ்கற்றைத் தட்டில் வைத்தாள். தேத்தண்ணியைத் தொட்டிக்குள் ஊற்றிவிட்டாள். நான் மீனைப் படியில் வைத்துவிட்டு வந்துவிட்டேன்.

அடுத்த வருடம் அவள் நோன்பு பிடித்தாள். ஹுஸ்னியா சொல்லித்தான் எனக்குத் தெரியும். எனக்கு வந்த சந்தோசத்தைச் சொல்ல முடியாது. வேலை செய்கிற இடத்தில் சொன்னேன். இரவுத் தறாவீஹ் தொழுகை முடிந்து வரும்போது ஒழுங்கையில் நின்றவர்களிடம் சொன்னேன். பேரீச்சம்பழமும் வத்தகப் பழமும் வாங்கிக்கொண்டு போனேன்.

"நான் நோம்பு எண்டு ஊரெல்லாம் சொல்லித் திரியிறீங்களாமே காக்கா."

"சொல்லத்தானே வேணும். இப்பதான் வாயைக் கட்டப் பழகியிரிக்காய்."

"பள்ளி மைக்ல சொல்லல்லயே. அதுக்கு அல்ஹம்துலில்லாஹ்."

பன்னிரண்டாம் நோன்பு, அஸர் தொழுகைக்குப் பிறகு. நாவிதன்வெளியில் ஒரு வீட்டுக்குச் சாந்து பூசிக்கொண்டிருந்தேன். ஹுஸ்னியா போன் எடுத்து, உம்மா விழுந்திட்டா என்றாள். மோட்டார் சைக்கிளை எப்படி ஓட்டினேன் என்று தெரியாது. ஜுனைதா தையல் மெஷினுக்குப் பக்கத்தில் நிலத்தில் கிடந்தாள். உடம்பெல்லாம் வேர்வை. என்னைப் பார்த்து வாப்பா என்றாள். வாப்பா மௌத்தாகி அடக்கிப் பதினைந்து வருடம்.

அவளை எப்படித் தூக்குவது. நான் அகலமாக்கிப் போட்ட குளியலறைக் கதவையே கழற்றினேன். அதில் வைத்து எட்டுப் பேர் தூக்கி ஒழுங்கை முனையில் நின்ற பட்டா லொறியில் ஏற்றினோம். தூக்கியவர்களில் ஒருவன் மூச்சு வாங்கிக்கொண்டு சொன்னான்: "நோம்பாளிகளப் போட்டு இந்தப் பாடு படுத்துறாளே." வேறு நாளாக இருந்தால் நானும் சிரித்திருப்பேன்.

ஆஸ்பத்திரியில் டொக்டர் வினோஜா நின்றார். திருக்கோவில் பக்கத்துப் பிள்ளை, கிளினிக்கிலும் அவர்தான் பார்ப்பவர். குளுக்கோஸ் ஏற்றி, ஜுனைதா கண் திறந்து என் பேரைச் சொன்ன பிறகு, என்னை வராந்தாவுக்குக் கூப்பிட்டார்.

"ஊசியையும் போட்டிட்டு நோன்பும் பிடிச்சிருக்கிறா, சீனி அடியோட இறங்கிப் போச்சு. பிடிக்கக் கூடாது எண்டு எழுதிக் குடுத்ததே நான்தான். இவவை ஆர் பிடிக்கச் சொன்ன?"

"ஒருத்தரும் சொல்லல்ல, டொக்டர்" என்றேன். அது பொய்யும் இல்லை, உண்மையும் இல்லை. "வாயைக் கட்டினா உடம்பு குறையும் எண்டு நினைச்சிரிப்பா."

"ஐயா, இவ ஒரு நாளைக்கு என்ன சாப்பிடுறா எண்டு உங்களுக்குத் தெரியுமா?"

"நெறையத்தான்."

"பாத்தீங்களா?"

அந்த வீட்டைக் கட்டியவன் நான். ஆனால் அங்கே இருந்து ஒரு பிடி சோறு தின்றதில்லை. கொண்டுபோனதைப் படியில் வைத்துவிட்டு, ஏசிவிட்டு வருவதுதான் என் வழக்கம்.

"இது வருத்தம் ஐயா. பிரஷர் மாதிரி, ஆஸ்துமா மாதிரி. சாப்பாட்டுக்கும் அதில பங்கு இருக்கு, இல்லை எண்டு சொல்லல்ல. ஆனா ஆஸ்துமாக்காரனை ஒழுங்கா மூச்சு விடு எண்டு ஏசுவீங்களா?"

எனக்கு அந்தக் கதை அவ்வளவாக ஏறவில்லை. ஆஸ்துமாக்காரன் மூச்சைக் கடையில் வாங்கித் தின்பதில்லையே என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டேன். ஆனால் பார்த்தீங்களா என்று கேட்டது மட்டும் குத்திக்கொண்டு நின்றது.

அதனால் பார்க்கப் போனேன். ஆஸ்பத்திரியால் அவள் வந்த பிறகு, பெருநாள் கழிந்து ஒரு மாதம், வேலை அந்தப் பக்கம் இருந்த சாக்கில், காலையும் பகலும் தங்கச்சி வீட்டில்தான் சாப்பாடு. உண்மையைச் சொன்னால், பொலிஸ்காரன் மாதிரித்தான் போனேன். அரிசி வாளியைத் திறந்து பார்த்தேன். கட்டிலுக்குக் கீழே பார்த்தேன். ஒரு நாள் மெஷின் மேசை இலாச்சிக்குள் ஒரு பிஸ்கற் பக்கெற் அகப்பட்டது. தூக்கிக் காட்டினேன்.

"இது என்னடி?"

"வாசிக்கத் தெரியாதா? மேல ஒட்டியிரிக்கே."

ஹுஸ்னியாவின் எழுத்து. சீனி இறங்கினால் மட்டும். பக்கெற் உடைக்கப்படவே இல்லை.

காலையில் மூன்று இடியப்பம், சொதி. பகல் ஒரு சின்னக் கோப்பை சோறு, கீரை, மீன் துண்டு ஒன்று. நான் அவளுக்கு முன்னால் இருந்து இரண்டு முறை போட்டுத் தின்பேன். என் எடை ஐம்பத்தெட்டு கிலோ. ஒரே உம்மா, ஒரே வாப்பா. நாற்பது வருடமாகச் சுவர் கட்டுகிறேன். ஒரே சாந்து, ஒரே கல், ஒரே கை. ஒன்று நிற்கும், பக்கத்துச் சுவர் வெடிக்கும். வெடித்த சுவரை நான் ஏசினதில்லை. கீழே தோண்டித்தான் பார்ப்பேன்.

ஒரு நாள் என் கோப்பையைப் பார்த்துக்கொண்டே கேட்டாள்.

"போதும் எண்டு எப்படித் தெரியும் காக்கா உங்களுக்கு?"

"என்ன கேள்வி இது. வயிறு நிறைஞ்சா தெரியுந்தானே."

"எப்படி இரிக்கும் அது?"

ஒரு இடத்தில் கை தானாக நின்றுவிடும் என்றேன்.

"எனக்கு அந்த இடம் வாறல்ல" என்றாள். "அளந்து வைச்சித் திங்கிறன், எழும்புறன். பசி என்னோடயே எழும்பி வருது. தைக்கக்குள்ளயும் இரிக்கும், தொழக்குள்ளயும் இரிக்கும். எல்லாருக்கும் இப்படித்தான், மத்தவங்க எல்லாம் பொறுத்துக்கிறாங்க, நாமதான் கேவலம் எண்டு நெனச்சிக்கிட்டு இருந்தன்."

நான் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தேன்.

"பொய் சொல்ல மாட்டன் காக்கா. அவர் உட்டுட்டுப் போன வருசம் நான் திண்டன்தான். அழுறதுக்குப் பதிலாத் திண்டன். ஆனா அவர் அதுக்கு முதலே போகப் பாத்துட்டார், உடம்பும் அதுக்கு முதலே வந்திட்டு. அந்த ஒரு வருசத்த வைச்சி எண்ட முழுச் சீவியத்தையும் எழுதிப் போட்டாங்க."

எழுதிப் போட்டவர்களில் நானும் ஒருவன் என்று அவள் சொல்லவில்லை. நான் அன்றைக்கு இரண்டாம் முறை சோறு போடவில்லை.

அந்தக் கிழமையே என்னிடம் ஒரு வேலை சொன்னாள். விட்ட நோன்புகளுக்கு என்ன செய்வது என்று மௌலவியிடம் கேட்டு வரச் சொன்னாள். பள்ளிக்குப் போய்க் கேட்டேன்.

"கேக்குறது ஆருக்கு?" என்றார் மௌலவி.

"தங்கச்சிக்கு."

"என்ன வருத்தம்?"

உடம்பு என்று சொல்ல வாய் வரைக்கும் வந்தது. சுற்றி ஆட்கள் இருந்தார்கள். "சீனி" என்றேன்.

"மாறாத வருத்தம் எண்டு டொக்டர் சொன்னா, நோம்பு புடிக்கத் தேவையில்ல. விட்ட ஒவ்வொரு நோம்புக்கும் ஒரு ஏழைக்கு அரிசி குடுக்கணும். ஃபித்யா. அல்லாஹ் தந்த லேசு அது, வெக்கப்பட ஒண்டுமில்ல."

வந்து சொன்னேன். ஜுனைதா நூலை ஊசியில் இருந்து எடுத்துவிட்டு நிமிர்ந்தாள்.

"சீனி எண்டா சொன்னீங்க?"

"ஓம்."

"சீனி வந்தது இந்த உடம்பாலதானே. அதச் சொல்லல்லயா?"

"ரெண்டும் ஒண்டுதான்."

"ஒண்டு எண்டா இதச் சொல்லியிரிக்கலாமே காக்கா."

அவள் அதை மறந்துவிடுவாள் என்று நினைத்தேன். மறக்கவில்லை. அபாயா வெட்டி மிஞ்சிய கறுப்புத் துணியில் சின்னச் சின்னப் பைகளாகத் தைக்கத் தொடங்கினாள். மூச்சு முட்டும்போது நிறுத்துவாள். விட்டுவிட்டு மறுபடி தைப்பாள். இந்த வருடம் நோன்புக்கு முன்னர் இதயத்தில் நீர் கோத்துவிட்டது என்று வார்ட்டில் படுக்க வைத்தார்கள். தலைப்பிறை பார்க்கிற அன்று, சனிக்கிழமை காலை, மௌத்தானாள். வயது நாற்பத்தைந்து.

அரிசிப் பைகளை நான்தான் கொண்டுபோய்க் கொடுத்தேன். என் பன்னிரண்டு வருடக் கோபம் எங்கே போனது என்று எனக்குத் தெரியாது. டொக்டர் சொன்னதெல்லாம் இன்றைக்கும் எனக்கு முழுதாக விளங்கவில்லை. அவள் நடிக்கவில்லை என்பது மட்டும் விளங்கும்.

அவள் மௌத்தாகிறதற்கு இரண்டு நாள் முதல், வியாழன் பகல், ஆள் பார்க்கிற நேரத்துக்குப் போயிருந்தேன். மூக்கில் ஒட்சிசன் குழாய். கட்டில் இரண்டை ஒன்றாகச் சேர்த்துப் போட்டிருந்தார்கள். பைகள் வீட்டில் கட்டி வைத்திருக்கிறது, முதல் பை ஒழுங்கை முனை ஹாஜறாவுக்கு, நீங்களே கொண்டுபோங்க, ஹுஸ்னியாவிடம் விட வேண்டாம் என்றாள். ஹாஜறா கணவன் இல்லாதவள், கஷ்டப்பட்டவள். அவள் வாய் மட்டும் கஷ்டப்பட்டதில்லை.

"அவ கேப்பா, இது என்ன அரிசி எண்டு."

"ஃபித்யா எண்டு சொல்றன்."

"ஆருக்கு எண்டு கேப்பா."

"உனக்கு எண்டு சொல்றன்."

"அந்தக் குண்டு மனிசி நல்லாத் திண்டு திண்டுதானே இரிந்த, அவக்கு என்ன வருத்தம் எண்டு கேப்பா. அப்ப?"

நான் குழாயைச் சரி பண்ணுகிற மாதிரிக் கையைக் கொண்டுபோனேன். அவள் என் கையைப் பிடித்து விலக்கினாள்.

"சீனி எண்டு சொல்லாதீங்க காக்கா. எண்ட தங்கச்சிக்கு அந்த உடம்புதான் வருத்தம், அவ தேடி எடுத்ததில்ல எண்டு சொல்லுங்க." கொஞ்ச நேரம் மூச்சை எடுத்தாள். "அங்க போய் உங்களுக்கு நா எழும்பாது. இப்ப ஒருக்கா எனக்கிட்ட சொல்லுங்க, கேப்பம்."