புளிக்கறை விரல்கள்

இன்று நான் சாப்பிடும் சோறு புதூர்நாட்டுப் பெண் ஒருவர் போட்டது. இது அவருக்கே தெரியாது.

ஒடுகத்தூரில் ஒரு சின்ன வானொலியில் பதினோரு வருடம் பேசினேன். சந்தையில் நின்று, எந்த வண்டியில் நிலக்கடலை இறங்குகிறது, யார் பலாப்பழத்தைத் தட்டிப் பார்க்கிறார்கள் என்று மலைமேல் இருப்பவர்களுக்கு ஒன்று விடாமல் சொல்வேன். எனக்குத் தெரிந்த ஒரே வேலை அதுதான்.

பிறகு சென்னையில் ஒரு டிவி போட்டி நிகழ்ச்சிக்குக் குரல் கொடுக்கக் கூப்பிட்டார்கள். மேடைக்குப் பின்னால் ஒரு மைக், ஒரு ஹெட்போன், பார்க்க ஒரு சின்னத் திரை. போட்டியாளர் பெயரையும் பரிசையும் மட்டும் அறிவித்தால் போதும். நானா சும்மா இருப்பேன்? "மஞ்சள் புடவை கட்டிய அக்கா மூன்றாவது பெட்டிமேல் கை வைக்கிறார்... ஐயோ, எடுத்துவிட்டார்!" என்பேன். டைரக்டர் ஹெட்போனில் கத்துவார்: "மேடம், இது டிவி! எல்லாருக்கும் கண்ணு இருக்கு!" வாயை மூடுவேன். அடுத்தவர் வந்ததும் மறுபடி அதே கதைதான்.

சில மாதம் பொறுத்தவர், "இன்னிக்குப் பதிவோட நிறுத்திக்கலாம்" என்று ஒருநாள் காலையில் சொல்லிவிட்டார். வீட்டைச் சென்னைக்கு மாற்றி, மகளை இங்கேயே கல்லூரியில் சேர்த்திருந்தேன். ஹெட்போனை மாட்டிக்கொண்டு மைக் முன்னால் உட்கார்ந்தேன்.

அன்றைய போட்டியாளர் எங்கள் பக்கத்து மலைமேல் இருக்கும் புதூர்நாட்டுக்காரர். என் வயதுதான் இருக்கும். பல்லைக் கடித்துக்கொண்டு பெயரை மட்டும் சொன்னேன்.

தொகுப்பாளர் வழக்கம்போல், "எங்க நிகழ்ச்சிய தினமும் பாப்பீங்களா?" என்று கேட்டார்.

"எங்கங்க பாக்கறது! புளி சீசன்ல வூட்ல எல்லாரும் குந்திக்கினு கொட்டை எடுப்போம். நிமிந்தா வேலை ஆவுமா? டிவி அதுபாட்டுக்கு ஓடும், காதால கேட்டுக்குவோம். யாரு இன்னா கட்டிக்கினு வர்றாங்க, எந்தப் பொட்டிய தொடறாங்க, எல்லாம் அந்தக்கா சொல்லுவாங்க. இன்னிக்கி இன்னா, பேர மட்டும் சொல்லிட்டு கம்முனு ஆயிட்டாங்க? ஒடம்பு முடியலீங்களா?"

அரங்கமே சிரித்தது. எனக்குக் கண் நிறைந்துவிட்டது. ஓடிப்போய் அவரைக் கட்டிக்கொள்ளலாம் போலிருந்தது.

ஹெட்போனில் டைரக்டர் தொண்டையைக் கனைத்துக்கொண்டார்.

"மேடம், அந்தம்மா புடவை என்ன கலர்னு சொல்லுங்க."

சொன்னேன். பச்சைப் புடவை, அரக்கு பார்டர், விரல் நுனியில் இன்னும் போகாத புளிக்கறை.