காவல் நின்ற புழு

காலையில் எலுமிச்சைச் செடிக்குத் தண்ணீர் விடப் போனவன், குடத்தைக் கீழே வைத்துவிட்டேன். இலையில் ஒரு பச்சைப் புழு. அதன் மேலும் அடியிலும் அரிசிக் குருணை போல வெள்ளை வெள்ளையாகச் சிறு கூடுகள். என் விரலின் நிழல் பட்டதும் தலையைத் தூக்கி விசிறியது. உடனே வாயெல்லாம் கொயினாக் கசப்பு, அந்தக் காலத்து மலைக்காய்ச்சல் மருந்தின் கசப்பு. எங்கள் ஊர்ச் சித்தூர் வெயிலில் நின்றுகொண்டு எனக்குக் குளிரெடுத்தது என்றால் நீங்கள் சிரிப்பீர்கள்.

தேவிகுளம் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றின் ஆஸ்பத்திரியில் அந்த நாளில் நான் கம்பவுண்டர். மீசை சரியாக முளைக்காத வயது. வெள்ளைக் கோட்டு மட்டும் முழங்கால் வரை. எல்லோருக்கும் 'ங்க' போடும் என் சித்தூர்ப் பேச்சு, திருநெல்வேலிச் சீமையிலிருந்து மலையேறி வந்து லயத்து வரிசை வீடுகளில் இருந்த பெண்களுக்கு நல்ல தீனி.

"ஏனுங்க கம்பவுண்டரே, மருந்து இனிக்குமுங்களா?" என்று மாடத்திதான் முதலில் தொடங்குவாள். அவளுக்கு அப்போது ஆறாம் மாதம். காய்ச்சல் விட்டுவிட்டு வந்துகொண்டிருந்தது. கொயினாவை வாங்கி விழுங்குகிற மாதிரி பாவனை செய்து, வாசல் தாண்டியதும் துப்பிவிடுவாள். கருவைக் கலைத்துவிடும் என்ற பயம். முந்தின பிள்ளை அந்த மருந்தில்தான் போனது என்று நம்பினாள்.

அந்த வருடம் தேயிலையில் புழு விழுந்தது. பெண்கள் மண்ணெண்ணெய் ஊற்றிய தகரக் குவளையும் கையுமாகப் புழு பொறுக்கினார்கள். வெள்ளைக் குருணையோடு இருப்பதை மட்டும் மாடத்தி குவளையில் போடமாட்டாள். இலையோடு கிள்ளி, நிழல் மரத்தின் கவட்டையில் பத்திரமாக வைப்பாள். குருணையெல்லாம் அதன் குஞ்சுகளாம்.

"ஏட்டி மாடத்தி, புழுவுக்கும் பேறு பாக்கியா?" என்று கங்காணி கத்துவார்.

"நீரு பெத்துப் பாத்தாத்தானே தெரியும், கங்காணியாரே!"

மலைச்சரிவே சிரிக்கும்.

டாக்டர் சொல்லி எனக்கு அந்தப் புழுவின் கதை தெரியும். அதை வைத்தே அவளை மருந்து குடிக்க வைத்துவிடலாம் என்று நினைத்து, ஒரு நாள் அந்த நிழல் மரத்தடிக்கே போனேன்.

"அது பெத்த குஞ்சு இல்லீங்க. ஒரு குளவி வந்து அது உடம்புக்குள்ள முட்டை வெச்சுட்டுப் போயிருதுங்க. குளவிக் குஞ்சுக உள்ளயே தின்னு வளந்து, தோலைத் துளைச்சு வெளிய வந்து கூடு கட்டுதுங்க. உங்க காய்ச்சலும் அப்படித்தானுங்க. கொசு கொண்டாந்து விட்ட உசுரு உள்ள இருந்து தின்னுது. கொயினா குடிச்சாத்தான் அது சாகும்."

மாடத்தி இலையையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஓர் எறும்பு கூடுகளை நெருங்கியது. புழு தலையால் அதைத் தட்டிவிட்டது.

"தின்னதுக பூராம் வெளிய வந்துட்டுன்னா, இது இன்னும் எதுக்குக் காவல் காக்கு?"

டாக்டர் அதைச் சொல்லித் தரவில்லை.

மறுநாள் பாவனை எதுவும் செய்யாமல் கொயினாவை என்னிடமே திருப்பி நீட்டினாள். "எனக்குள்ள ரெண்டு உசுரு இருக்குன்னு சொல்லுதீரு. எது எதுன்னு உம்ம மருந்துக்குத் தெரியுமா?"

அடைமழையில் பிள்ளை பிறந்தது. பெண். மாடத்திக்குப் பேச்சு நின்றிருந்தது. உடம்பு அடுப்பாகக் கொதித்தது. குழந்தைக்குப் பால் புகட்ட வேண்டுமே என்று எடுக்கக் குனிந்தேன். அவள் கண் திறக்கவில்லை. கை மட்டும் எழுந்து என் மணிக்கட்டைத் தட்டிவிட்டது.

மறுநாள் அந்தக் கையும் அடங்கியது. அவள் புருஷன் குழந்தையைக் கம்பளியில் சுற்றிக்கொண்டு போடி வழியாக மலையிறங்கினான். அது பிழைத்ததா என்று யாரும் வந்து சொல்லவில்லை.

சென்ற வருடம் மலைக்குப் போனேன். மருந்தடித்து மருந்தடித்துக் கொசு ஒழிந்து, காய்ச்சலும் ஒழிந்துவிட்டது, நல்லதுதான். தேயிலையில் புழு இல்லை, குளவியும் இல்லை. கொழுந்தெடுத்த பெண்களிடம் வெள்ளைக் குருணைப் புழுவைப் பற்றிக் கேட்டேன். "புழுவா? எங்க?" என்று ஒருத்தி பயந்து சேலையை உதறினாள். மற்றவர்கள் சிரித்தார்கள். அந்தச் சிரிப்புக்குள் ஒரு 'ஏனுங்க'வை என் காது தேடிக்கொண்டே இருந்தது. நிழல் மரங்களின் கவட்டைகளில் மழைத்தண்ணீர் மட்டும் தேங்கிக் கிடந்தது.