சிமெண்டுத் தரையில் புல்

பாரிவாக்கத்துக் கன்னியம்மாவுக்குப் புல் போடத் தெரியும். நெல் விளைந்த நிலமெல்லாம் மனைகளாகப் போனபின், மிச்சமிருந்த அரைக் காணியில் கொரியன் புல் வளர்த்தாள். அதை மண்ணோடு சதுரம் சதுரமாகப் பெயர்த்து, லோடு ஆட்டோவில் ஏற்றிப் போய், புதுப் பங்களாக்களிலும் பள்ளிக்கூட வாசல்களிலும் பதித்துவிட்டு வருவாள். கணவன் போனபிறகு இரண்டு பெண்களைக் கட்டிக்கொடுத்தது அந்தப் புல்தான்.

பிப்ரவரியில் அம்பத்தூர் கம்பெனி ஒன்றிலிருந்து அழைப்பு வந்தது. கார் உதிரிபாகம் செய்கிற இடம். அவளுடைய தம்பி பாபு பதினோரு வருடமாக அங்கேதான் வேலை பார்க்கிறான். எங்கும் பண நெருக்கடி, ஆர்டர் இல்லை என்று சொல்லி, தீபாவளிக்குப் பிறகு வாரத்துக்கு மூன்று நாள்தான் வேலை என்று ஆக்கியிருந்தார்கள். ஆட்களை ஏற்றி வரும் பஸ்ஸும் நின்றுவிட்டது. அந்தக் கம்பெனியா புல் கேட்கிறது? யாரோ தப்பாகக் கூப்பிட்டிருப்பார்கள் என்று நினைத்துக்கொண்டேதான் போனாள்.

தப்பில்லை. நிர்வாக அதிகாரி விக்ரம் அவளை முன்பக்கம் அழைத்துப்போய், முன்பு பஸ் நின்ற இடத்தைக் காட்டினார்.

"இங்க போடணும்மா. வெள்ளிக்கிழமைக்குள்ள முடியணும்."

"இது சிமெண்டாச்சே சார். வேர் எங்க போவும்?"

"வேர்லாம் வேணாம்மா. ஒரு நாள் பச்சையா இருந்தா போதும்."

நொடித்த கம்பெனிகளுக்கு அரசாங்கம் உதவிப் பணம் தரப்போகிறதாம். அதற்காகப் பெரிய அதிகாரிகள் பார்க்க வருகிறார்களாம். "எல்லாம் நல்லா இருக்கிற மாதிரி தெரியணும்," என்றார் விக்ரம்.

"கஷ்டத்துல கீறோம்னுதான சார் காசு கேக்குறீங்க?"

விக்ரம் அடிக்காத கைபேசியை எடுத்துக் காதில் வைத்துக்கொண்டு நகர்ந்துவிட்டார்.

அன்று சாயங்காலம் பாபுவிடம் சொன்னாள். அவன் கத்துவான் என்று எதிர்பார்த்தாள். "எங்களுக்கு டீயக்கூட நிறுத்திட்டானுங்க யக்கா," என்றான் மெதுவாக. "நீ போடு. நீ போடலன்னா வேற எவனாவது போடத்தான் போறான்." அவன் கத்தாதது அவளை இன்னும் குழப்பியது.

செவ்வாய்க்கிழமை சிமெண்டின்மேல் தார்ப்பாயை விரித்து, அதன்மேல் புல்லை அடுக்கினாள். ஒரு நாளைக்கு இரண்டு லாரித் தண்ணீர். வெளியே கம்பெனி வாசல் வரைக்கும் மட்டும் ரோடு புதிதானது. திறந்து கிடந்த சாக்கடையைப் பச்சைத் துணி கட்டி மறைத்தார்கள்.

வெள்ளிக்கிழமை பதினோரு கார்கள் வந்தன. புல் வாடாதபடி தண்ணீர்க் குழாயோடு ஓரமாக நின்றாள் கன்னியம்மா. அதிகாரி அம்மா ஒருவர் அவளருகில் நின்று, "அழகா வெச்சிருக்கீங்களே, போட்டு எவ்ளோ நாளாச்சு?" என்று கேட்டார்.

"மூணும்மா," என்றாள், மூன்று நாள் என்கிற நினைப்பில்.

"மூணு வருஷத்துல இவ்ளோ அடர்த்தியா!"

திருத்தலாம் என்று வாயைத் திறந்தாள். விக்ரமின் கண்கள் அவள்மேல் இருந்தன. மூடிக்கொண்டாள். தான் பொய் சொன்னோமா இல்லையா என்பது அவளுக்கே பிடிபடவில்லை.

கார்கள் போனதும், லாரி நிறுத்த இடம் வேண்டும், எடுத்துவிடு என்றார்கள். வேர் பிடிக்காமல் பழுக்கத் தொடங்கியிருந்த புல்லை அள்ளிக்கொண்டு வீடு வந்து சேர்வதற்குள் பணம் பேங்கில் ஏறியிருந்தது. எந்தப் பங்களாக்காரரும் அவளுக்கு அவ்வளவு சீக்கிரம் கொடுத்ததில்லை.

மார்ச் பிறந்ததும் பாபு வந்து வரப்பில் உட்கார்ந்தான்.

"உதவிப் பணம் வந்துட்ச்சி யக்கா. என்னையும் இன்னும் நாப்பது பேரையும் இனிமே வர வாணான்னுட்டாங்க."

"இன்னாடா இது? காசு இல்லாதப்போ மூணு நாளாவது வேலை இருந்துச்சு. காசு வந்ததும் அதுவும் பூட்ச்சா?"

"உன் புல்லப் பாத்துதான் குடுத்தாங்களோ இன்னாவோ." அவன் குத்திக்காட்டவில்லை, நிஜமாகவே யோசித்துக்கொண்டிருந்தான். அவளுக்கோ அழுவதா கோபப்படுவதா என்று தெரியவில்லை. சோறு போட்டாள்.

மறுநாளிலிருந்து அவனும் அவளோடு மண்வெட்டி பிடித்தான். மாதக் கடைசியில் சர்க்கார் ஆபீஸ் ஒன்றிலிருந்து கூப்பிட்டார்கள். பூந்தமல்லிப் பக்கம் ரோட்டு நடுத்திட்டுக்குப் புல் வேண்டும், முப்பத்தொன்றாம் தேதிக்குள்.

"அங்க பைப்பு போடத் தோண்டப்போறதா போர்டு கீதே சார்?"

"அது வேற டிபார்ட்மென்ட்மா. இந்த மாசம் செலவு பண்ணலன்னா பணம் திரும்பிப் போயிடும்."

"போனா போவட்டுமே சார். எங்க போவுது?"

"வர்றியா, மாட்டியா?"

போனார்கள். அங்கே இருந்தது நல்ல மண். பத்தே நாளில் புல் அப்படிப் பிடித்துக்கொண்டது. இவ்வளவு நன்றாக வந்ததே என்று சந்தோஷப்படக்கூட அவளுக்குத் தயக்கமாக இருந்தது.

ஏப்ரல் மூன்றாம் வாரம் மண் தோண்டும் வண்டி வந்துவிட்டது என்று கேள்விப்பட்டு, பாபுவோடு லோடு ஆட்டோவில் ஓடினாள். பாதித் திட்டு ஏற்கெனவே குழியாகியிருந்தது.

"மீதிய நாங்க பேத்துக்கறோம் நைனா, கொஞ்சம் நிறுத்தேன்," என்று கெஞ்சினாள். வண்டிக்காரப் பையன் நிறுத்தினான். அவர்கள் பெயர்த்து முடிக்கும்வரை பார்த்துக்கொண்டிருந்துவிட்டுக் கேட்டான்: "இது யாரோட புல்லு யக்கா?"

வளர்த்தவள் அவள். விலை கொடுத்தது சர்க்கார். வேண்டாம் என்று தோண்டுவதும் சர்க்கார்தான். கன்னியம்மா கையிலிருந்த சதுரத்தைப் புரட்டிப் பார்த்தாள். அடியில் வெள்ளை வெள்ளையாக வேர் விட்டிருந்தது.

"தெரியல நைனா," என்றாள்.

"வெயில் ஏறுது, ஏத்து யக்கா," என்றான் பாபு.