பேட்டரி நிறைவாக இருக்கிறது

சின்னமனூரை அடுத்த ஒரு திராட்சைத் தோட்டத்தில் கவாத்தும் களையும் பார்த்து வருபவர் சந்தனம்மாள். கணவர் இறந்த பிறகு இரண்டு பெண்களையும் இந்தக் கூலியில்தான் படிக்க வைத்தார். பந்தலின் கீழ் உதிர்ந்து கிடக்கும் பழத்தைக்கூடக் கேட்காமல் எடுத்ததில்லை. அவரைத்தான், அன்று காலை பழம் வெட்ட வந்திருந்த அத்தனை பேர் முன்னிலையிலும், தோட்டக்காரர் ஈஸ்வரபாண்டி தண்ணீர்த் திருடி என்றார்.

தோட்டத்தின் மேற்கு மூலையில் கொடிகள் வாடிவிட்டன. மோட்டாருக்கான மும்முனை மின்சாரம் இரவில்தான் வருகிறது. அப்போது அந்த மூலைக்குரிய வால்வைத் திறப்பது கம்பத்தில் மாட்டிய ஒரு சிறிய பெட்டி. உள்ளே ஒரு போர்டும் பேட்டரியும், மேலே ஒரு சோலார் தகடும் உண்டு. பேட்டரியின் வோல்ட்டை அது நாள்தோறும் நண்பகலில் கைப்பேசிக்கு அனுப்பும். பேட்டரி நிறைவாக இருப்பதாகவே எண் காட்டியது. எண் சரி என்றால் பெட்டி சரி; பெட்டி சரி என்றால், பக்கத்துத் துண்டு நிலத்தில் கத்தரிச் செடி போட்டிருக்கும் சந்தனம்மாள்தான் தண்ணீரைத் திருப்பியிருக்க வேண்டும்! ஒரு மனுஷியின் நாணயத்தைத் தீர்மானிக்க இவ்வளவு போதுமாக இருந்தது.

சந்தனம்மாள் இடத்தைவிட்டு நகரவில்லை. "பொட்டியப் போட்ட புள்ளையக் கூப்பிடுங்க. அது பாத்துச் சொல்லட்டும்."

தேனியிலிருந்து ஜான்சி வந்தாள். உச்சி வெயிலில் பெட்டியைத் திறந்து மீட்டரை வைத்தாள். "நாலு புள்ளி ஒண்ணு இருக்குண்ணே. ஃபுல்லு." பொத்தானை அமுக்கினாள், வால்வும் திறந்தது.

"கேட்டியாத்தா? மிசினு பொய் சொல்லுமா?" என்றார் ஈஸ்வரபாண்டி.

"அப்ப நாந்தேன் சொல்லுவேனாக்கும்! இந்தப் பொட்டி மூஞ்சியில முழிக்கிறதே பாவம்!" சந்தனம்மாள் தலைத்துண்டை உருவி அதன்மேல் வீசினார். துண்டு சோலார் தகட்டை மூடிக்கொண்டு விழுந்தது.

மீட்டரில் எண் சரிந்தது. ஜான்சி துண்டை எடுக்கவில்லை. வால்வை மூடி, மறுபடி திறக்கும் பொத்தானை அமுக்கினாள். எண் மூன்றுக்கும் கீழே இறங்கியது, போர்டின் விளக்கு அணைந்தது, வால்வு அசையவில்லை.

"அண்ணே, பேட்டரி செத்துருச்சு. வெயில்தேன் இதுவரைக்கும் தாங்கிப் பிடிச்சிருக்கு. வேலை ராத்திரியில, நான் அளக்க வச்சது மத்தியானத்துல. தப்பு எம்மேல."

ஈஸ்வரபாண்டி தொண்டையைச் செருமினார். "சரித்தா, விடு. நாளைக்கு வேலைக்கு வந்துரு."

விடுவதற்கு அது என்ன, சேலையில் ஒட்டிய முள்ளா?

"யாரு முன்னால சொன்னீகளோ, அவுக முன்னால இல்லைன்னு சொல்லுங்க."

"இந்த வெயில்லயா அவுகளக் கூப்பிடுறது?"

"வெயில்லதான அளந்தீக? கூப்பிடுங்க."

அவர் பந்தலை நோக்கிக் கை தட்டினார். கத்தரிக்கோலும் கையுமாக ஒவ்வொருவராக வெளியே வந்தனர். கடைசி ஆள் வரும்வரை சந்தனம்மாள் வெறுந்தலையோடு வெயிலில் நின்றார்.

ஈஸ்வரபாண்டி ஏதோ முணுமுணுத்தார்.

"காதுல விழல மொதலாளி. காலையில சொன்ன சத்தத்துக்குச் சொல்லுங்க."